கயிற்றில் பிடித்த நாய் ஏன் பாய்கிறது?

கோவை ரேஸ்கோர்ஸ் நடைபாதையில் காலை ஐந்தரை மணிக்கே கூட்டம் சேர்ந்துவிடும். சுமார் 2.5 கி.மீ. சுற்று. வேகமாக நடப்பவர்கள், ஓடுபவர்கள், பேரனைக் கையில் பிடித்துவரும் தாத்தாக்கள், நடுவில் எங்களைப் போல நாயோடு வருகிறவர்கள். என்னுடையது நாட்டு நாய், பெயர் மணி.

ஒரு நாள் எதிரே எழுபது வயதை ஒட்டிய ஓர் அம்மா வந்தார். என்ன தோன்றியதோ, மணி கயிற்றை இழுத்துக்கொண்டு குரைத்தபடி பாய்ந்தான். அவர் பாதையை விட்டு இறங்கி, பக்கத்து மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். நாய் வளர்க்கிற எல்லோரும் சொல்வதைத்தான் நானும் சொன்னேன்: “ஒண்ணும் பண்ணாதுங்கம்மா.”

அவர் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார்: “உன்னைய ஒண்ணும் பண்ணாது கண்ணு. என்னைய அதுக்குத் தெரியுமா?”

வீடு வரைக்கும் அந்தக் கேள்வி கூடவே வந்தது. பிறகு நாய்களின் நடத்தையைப் பற்றிப் படிக்கப் படிக்க, அந்த அம்மா கேட்டதுதான் விஷயத்தின் மையம் என்று புரிந்தது.

முதலில் என் பக்கத்துக் கோளாறு. நாமும் நம் நாயும் ஒருவர் கண்ணை ஒருவர் பார்க்கும்போது இருவர் உடலிலும் ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோன் கூடுகிறது என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2015-ல் கண்டார்கள். தாய்க்கும் கைக்குழந்தைக்கும் இடையே பிணைப்பை வளர்க்கிற அதே ஹார்மோன். மனிதர்கள் வளர்த்த ஓநாய்களிடம் இந்தச் சுழற்சி தென்படவில்லை. அதாவது, வீட்டில் சோபாவுக்குக் கீழே படுத்துக்கொண்டு என்னைப் பார்க்கும் மணியை நான் ஏறக்குறையப் பிள்ளையாகத்தான் பார்க்கிறேன். அந்தக் கண்களை நம்பித்தான் “ஒண்ணும் பண்ணாது” என்கிறேன். எதிரே வருகிறவருக்கு அந்தக் கண்கள் பழக்கமில்லை. அவருக்குத் தெரிவது பல் மட்டும்தான்.

இனி மணியின் பக்கம். சென்னிமலை அருகே எங்கள் அப்பாருவின் (தாத்தாவின்) தோட்டத்தில் எப்போதும் இரண்டு நாய்கள் இருக்கும். சுற்றிலும் கிளுவை வேலி, நுழைவதற்குக் கதவாக ஒரு படல். யார் வந்தாலும் படலுக்கு வெளியிலேயே நின்று, “நாயைப் புடிச்சுக்குங்க!” என்று குரல் கொடுப்பார்கள். உள்ளேயிருந்து யாராவது வந்து நாயைப் பிடித்த பிறகுதான் காலை எடுத்து வைப்பார்கள். அங்கே எல்லை எதுவென்று நாய்க்கும் தெரியும், வருகிறவருக்கும் தெரியும். நடைபாதையில் வேலியும் கிடையாது, படலும் கிடையாது. ஆனால் நாய் தன் எல்லையை வீட்டில் விட்டுவிட்டு வருவதில்லை, கூடவே கொண்டுவருகிறது.

இந்த நகரும் எல்லையை விலங்கியலில் விளக்கியவர் சுவிட்சர்லாந்தின் ஹைனி ஹெடிகர். மிருகக்காட்சிசாலைகளை நடத்தியவர். ஒவ்வொரு விலங்குக்கும் ஒரு தப்பி ஓடும் தூரம் உண்டு என்றார் அவர். அந்த வட்டத்துக்குள் அந்நியர் நுழைந்தால் விலங்கு விலகி ஓடும். விலக வழியில்லாமல், இன்னும் நெருக்கமான ஒரு தூரத்துக்குள் அந்நியர் வந்துவிட்டால் அதே விலங்கு திரும்பித் தாக்கும். ஓடவேண்டிய விலங்கு பாயும் விலங்காக மாறுவது அந்தப் புள்ளியில்தான்.

இப்போது கழுத்தில் கயிறு இருக்கும் நாயை நினைத்துப் பாருங்கள். கயிறு இல்லாத இரண்டு நாய்கள் குளக்கரையில் சந்தித்தால் பெரும்பாலும் நேருக்கு நேர் வராது. வளைந்து வரும், முகத்தைத் திருப்பும், தரையை முகரும், பக்கவாட்டில் நின்று வாலடியை மோப்பம் பிடிக்கும். அவற்றின் மரியாதை அது. நடைபாதை இதற்கு நேர்மாறு. குறுகலான நேர்கோட்டில், எதிரே வருகிறவர் கண்ணைப் பார்த்தபடி நேராக வருகிறார். வளைந்து போக நாய்க்கு இடமில்லை, பின்வாங்கக் கயிறு விடுவதில்லை. மிச்சம் இருப்பது ஒரே வழி: சத்தம் போட்டு எதிராளியை விலகச் செய்வது. பாய்கிற நாய்களில் பல கோபத்தில் பாய்வதில்லை, “அங்கேயே நில்லு” என்று கெஞ்சுகின்றன. (சில நாய்கள் நேர் எதிர்க் காரணத்துக்காகப் பாயும். எதிரே வருகிறவரோடு விளையாட ஆசை, கயிறு தடுக்கிறது, எரிச்சல் குரைப்பாகிறது. மரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவருக்கு இரண்டும் ஒன்றுதான்.)

நாய் பாய்ந்தால் எதிரே வந்தவர் விலகுகிறார். அவர் விலகியதும் நாய்க்கு நிம்மதி. பாய்ந்தால் பலன் கிடைக்கிறது என்று அது கற்றுக்கொள்கிறது, அடுத்த முறை இன்னும் முன்னதாகவே பாய்கிறது. நாம் செய்வது இதை மேலும் மோசமாக்குகிறது. தூரத்தில் ஆளைக் கண்டதுமே கயிற்றைச் சுற்றிச் சுருட்டி இறுக்குகிறோம். கழுத்து நெரிபடுகிறது, நம் கையின் பதற்றம் கயிறு வழியாக இறங்குகிறது. சாப்பாட்டோடு சேர்த்து மணியடித்துப் பழக்கினால் மணிச்சத்தத்துக்கே எச்சில் ஊறும் என்று நாய்களிடம் காட்டிய ரஷ்ய விஞ்ஞானி பாவ்லோவின் பாடம் இங்கே தலைகீழாக வேலை செய்கிறது: எதிரே ஆள் வந்தால் கழுத்து வலிக்கும்! சில மாதங்களில், யாரைக் கண்டாலும் சீறும் நாயை நாமே உருவாக்கிவிடுகிறோம். மணியை அப்படி ஆக்கியதில் என் பங்கு பெரியது.

பாய்வதற்கு முன் நாய் சொல்லிவிட்டுத்தான் பாய்கிறது. தூக்கம் வராமலே கொட்டாவி விடும், சாப்பாடு இல்லாமலே நாக்கால் மூக்கை நக்கும், தலையைத் திருப்பியபடி ஓரக்கண்ணால் பார்க்கும், அப்புறம் உடம்பு விறைக்கும். வாலாட்டுவதை வைத்து மட்டும் முடிவுக்கு வரக்கூடாது. 2007-ல் இத்தாலிய ஆய்வாளர்கள் அளந்து பார்த்ததில், தன் எஜமானரைக் கண்ட நாய்களின் வால் நாயின் வலப்பக்கம் அதிகம் ஆடியது, மிரட்டும் தோரணையுள்ள அந்நிய நாயைக் கண்டபோது இடப்பக்கம் அதிகம் ஆடியது. வாலாட்டம் நாயின் மனம் பரபரப்பாக இருக்கிறது என்பதைச் சொல்கிறது. அது சந்தோஷப் பரபரப்பா வேறா என்பதை உடம்பின் மற்ற பாகங்களைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

கயிற்றின் நீளத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. ஒன்றரை மீட்டர் கயிற்றில் இருக்கும் நாய் உங்களைச் சுற்றி ஏறக்குறைய 7 சதுர மீட்டரை ஆள்கிறது. மூன்று மீட்டர் கயிறு என்றால் 28. பட்டனை அழுத்தினால் நீளும் சுருள் கயிற்றை ஐந்து மீட்டருக்கு விட்டால் 78 சதுர மீட்டருக்கு மேல், அதாவது பத்து மீட்டர் அகல வட்டம். அந்த அகலத்துக்கு நம் ஊரில் நடைபாதை கிடைப்பது அரிது. கயிற்றைக் கொஞ்சம்தான் நீட்டினோம் என்று நமக்குத் தோன்றும். நீளம் இரட்டித்தால் நாய் எடுத்துக்கொள்ளும் இடம் நான்கு மடங்கு. அந்த இடம் மற்றவர்களிடமிருந்துதான் எடுக்கப்படுகிறது.

ஓடுகிறவர்களும் சைக்கிளில் வருகிறவர்களும் அடிக்கடி கேட்பது: “சும்மா போற எங்களை ஏனுங்க துரத்துது?” நாயின் விழித்திரை அசைவைப் பிடிக்கவே கட்டப்பட்டது. 14 போலீஸ் நாய்களை வைத்து 1936-ல் செய்த ஒரு சோதனையில், அசையும் பொருளை 800 மீட்டருக்கு அப்பால் கண்டுகொண்ட நாய், அதே பொருள் அசையாமல் இருந்தபோது 600 மீட்டருக்குள் வந்தால்தான் கண்டுகொண்டது. கண்டபின் நடப்பது பழைய வேட்டைச் சங்கிலி: பார், பின்தொடர், துரத்து, கவ்வு, கொல். வளர்ப்பு நாய்களில் இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணிகள் தளர்ந்துவிட்டன, ஆனால் “துரத்து” என்ற கண்ணி பலவற்றிடம் பத்திரமாக இருக்கிறது. வேகமாக விலகிப் போகும் எதுவும் அதைத் தட்டி எழுப்பும். குழந்தைகள் கீச்சென்று கத்திக்கொண்டு ஓடும்போது ஆபத்து கூடுவது இதனால்தான். அவர்கள் முகம் நாயின் வாய் உயரத்திலேயே இருப்பதால், சிறு குழந்தைகளுக்குத் தலையிலும் கழுத்திலும் கடி விழுவது பெரியவர்களைவிட அதிகம்.

சங்கிலி முழுதாக ஓடினால் என்ன ஆகும் என்பதைக் காங்கயம், வெள்ளகோவில் பக்கத்து விவசாயிகளிடம் கேட்டுப் பாருங்கள். கொரங்காட்டில் (மேய்ச்சல் நிலத்தில்) பட்டி போட்டு அடைத்த ஆடுகளை நாய்கள் கூட்டமாகப் புகுந்து கடித்துப் போட்ட காலைகளைப் பார்த்தவர்கள் அவர்கள். இழப்பீடு கேட்டுத் தெருவில் இறங்கிப் போராடியவர்கள். பட்டிக்குள் தப்பிக்க இடமின்றி ஆடுகள் மிரண்டு ஓட ஓட, துரத்தும் தூண்டுதல் நிற்பதே இல்லை. அதனால்தான் தின்னாமலே பல ஆடுகள் சாகின்றன. அப்படி ஒரு காலையைப் பார்த்தவர் ரேஸ்கோர்ஸில் என் நாயைக் கண்டு ஒதுங்கினால், அதில் தவறு காண எனக்கு என்ன உரிமை இருக்கிறது?

“பயந்தா நாய்க்குத் தெரிஞ்சுரும்” என்பார் எங்கள் அமுச்சி (பாட்டி). 2018-ல் வெளியான ஓர் இத்தாலிய ஆய்வு அதற்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. பயமுறுத்தும் படக்காட்சி பார்த்தவர்களின் வியர்வையை முகரவைத்தபோது நாய்களின் இதயத்துடிப்பு ஏறியது, பதற்ற அறிகுறிகள் கூடின, அவை அந்நியரை விட்டுத் தம் எஜமானரை நாடின. பயத்தின் வாசனை நாயைத் தாக்கத் தூண்டியது என்று ஆய்வு காட்டவில்லை. நாயும் பதறியது. ஆக, பயந்த மனிதரும் பதறிய நாயும் ஒரு குறுகிய பாதையில் எதிரெதிரே நிற்கிறார்கள். அந்த நேரத்தில் அவரிடம் “பயப்படாதீங்க” என்று சொல்வதால் ஒன்றும் மாறாது. சிறுவயதில் ஒரே ஒரு கடி வாங்கியிருந்தாலும் மூளை அதை ஆயுளுக்கும் வைத்திருக்கக்கூடும். கயிற்றைப் பிடித்திருக்கும் நம்மால் மாற்ற முடிந்தது தூரம் மட்டுமே.

அந்தப் பயத்துக்கு வலுவான காரணமும் இருக்கிறது. மனிதர்களுக்கு வரும் வெறிநாய்க்கடி நோயில் 99 சதவீதம் வரை நாய்கள் வழியாக வருகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அறிகுறி வந்த பிறகு கிட்டத்தட்ட யாரும் பிழைப்பதில்லை. நமக்குப் பக்கத்திலேயே குன்னூரில் 1907-ல் பாஸ்டர் நிறுவனம் தொடங்கப்பட்டதற்கே இந்த நோய்தான் காரணம். கடித்தாலோ கீறினாலோ, உடனே சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். அரசு மருத்துவமனையில் 0, 3, 7, 28-ஆம் நாள்களில் ஊசி, தோல் கிழிந்து ரத்தம் வந்திருந்தால் கூடவே இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்பு மருந்து. என் நாய்க்கு வருடாவருடம் ஊசி போட்டிருப்பது எனக்குத் தெரியும், எதிரே வருகிறவருக்கு எப்படித் தெரியும்? சட்டமும் நாயின் குணத்தைக் கேட்பதில்லை. குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-ஆம் பிரிவு, விலங்கை வைத்திருப்பவர் போதிய கவனம் எடுத்தாரா என்றுதான் கேட்கிறது.

மலம் பற்றியும் ஒரு வார்த்தை. சாணம் தெளித்த வாசலில் வளர்ந்தவர்கள் நாம், மண்ணோடு மண்ணாகப் போய்விடும் என்று நினைத்துவிடுகிறோம். நாய் மலத்தில் இருக்கும் கொக்கிப்புழு முட்டைகள் ஈரமண்ணில் ஒரு வாரத்துக்குள்ளாகவே தோலைத் துளைக்கும் புழுக்களாக மாறக்கூடும். காலையில் வெறுங்காலோடு புல்லில் நடக்கிறவர்களுக்காகவாவது ஒரு காகிதமும் பையும் எடுத்துப்போக வேண்டும்.

மணியை மாற்ற நான் செய்தது ஒன்றுதான்: அவன் பதறாத தூரத்தைக் கண்டுபிடித்தேன். ஆரம்பத்தில் அது பன்னிரண்டு மீட்டர். ஆள் அந்தத் தூரத்தில் தெரிந்ததும், மணி குரைப்பதற்கு முன்பே, வேகவைத்த கோழித்துண்டு ஒன்றைக் கொடுப்பேன். ஆள் மறைந்ததும் கோழியும் நின்றுவிடும். கயிறு தளர்வாகவே இருக்கும். பாவ்லோவின் பாடத்தைச் சரியான பக்கத்துக்குத் திருப்புவது இது. ஒரு தடவை பதறிவிட்டால் அன்றைக்கு அதோடு வீடு திரும்பிவிடுவேன். உடம்பில் ஏறிய பதற்றம் தணிய நேரமாகும், அதன்மேல் இன்னொன்று சேர்ந்தால் சின்ன விஷயத்துக்கும் வெடிக்கும். கூட்டம் வருவதற்கு முன் ஐந்து மணிக்கே போகத் தொடங்கினேன். எதிரே யாராவது வந்தால் பாதையை விட்டு இறங்குவது இப்போது நானும் மணியும்தான். அவனை வெளிப்பக்கம் வைத்து, அவனுக்கும் ஆளுக்கும் நடுவில் நான் நிற்பேன்.

நாய் இல்லாதவர்களிடம் கேட்டுக்கொள்ள என்னிடம் இருப்பது கொஞ்சம்தான். கண்ணை உற்றுப் பார்க்காதீர்கள், ஓடாதீர்கள், கொஞ்சம் வளைந்து போங்கள். நாய் ஆசையாக இருந்தாலும் கேட்காமல் தலைக்கு மேலே கையைக் கொண்டுபோகாதீர்கள்.

எட்டு மாதத்தில் பன்னிரண்டு மீட்டர் நான்காகக் குறைந்திருக்கிறது. அந்த அம்மா இப்போதும் தினமும் வருகிறார். திருப்பத்தில் எங்களைக் கண்டதும் அங்கேயே நின்று குரல் கொடுக்கிறார்:

“புடிச்சிருக்கியா கண்ணு?”

“புடிச்சிருக்கேனுங்கம்மா, வாங்க.”