ஐந்தாவது கடுகு பாக்கெட்

திருநெல்வேலியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். தாளிக்கும் அவசரத்தில் அலமாரியின் பின்வரிசையைத் துழாவியிருக்கிறார். பிரிக்காத கடுகு பாக்கெட் ஐந்து கிடைத்திருக்கின்றன. எல்லாம் அவரே வாங்கியவை. “கடையில் நிற்கும்போது வீட்டில் கடுகு இல்லை என்று சத்தியம் பண்ணுகிற அளவுக்கு உறுதியாகத் தோன்றுகிறது. வயது 46. மறதி நோயின் ஆரம்பமா?” என்று கேட்கிறார்.

கடிதத்தைப் படித்துவிட்டு எழுந்து போய் எங்கள் வீட்டு அலமாரியைப் பார்த்தேன். பெருங்காய டப்பா நான்கு; இரண்டு உடைக்கவே இல்லை. ஆகவே இந்த விஷயத்தில் நான் நடுநிலையான ஆள் கிடையாது.

கடுகு வாங்கிய ஞாபகம் அவரிடம் ஏராளமாக இருக்கிறது. அதில் எது போன வாரத்தது, எது தீபாவளிக்கு முந்தியது என்று பிரிக்க முடியவில்லை, அவ்வளவுதான். எபிங்காஸ் என்ற ஜெர்மானியர் அர்த்தமில்லாத அசைகளை மனப்பாடம் செய்து, எவ்வளவு வேகமாக மறக்கிறோம் என்று 1885-இல் புத்தகம் போட்டார். ஒரு நாளில் பெரும்பகுதி போய்விடுகிறது என்ற அவர் கணக்கு வெகுகாலம் வேதவாக்காக இருந்தது. 1957-இல் அமெரிக்க உளவியலாளர் பென்டன் அண்டர்வுட் பழைய ஆய்வுகளைப் புரட்டிப் பார்த்து ஒன்றைக் கண்டுபிடித்தார். இப்படி மனப்பாடம் செய்யும் சோதனைக்கு அதற்கு முன் பட்டியல் எதுவும் படிக்காமல் வந்தவர்கள் ஒரு நாளில் சுமார் 25 சதவீதம்தான் மறக்கிறார்கள். ஏற்கெனவே இருபது பட்டியல் படித்து முடித்தவர்கள் 75 சதவீதத்துக்கும் மேல் மறக்கிறார்கள். பழைய பட்டியல்கள்தான் புதியதை அமுக்குகின்றன. எபிங்காஸ் பாவம், தன் தலைக்குள்ளேயே எக்கச்சக்கமாகப் பட்டியல் ஏற்றி வைத்திருந்தார்.

என் அம்மா காலத்தில் மாதத்துக்கு ஒரு மளிகை லிஸ்ட். மேலே பிள்ளையார் சுழி, முதல் வரி மஞ்சள், அப்புறம் து.பருப்பு, உ.பருப்பு. அண்ணாச்சி கடை நோட்டிலும் அதன் நகல் இருக்கும். “போன மாசம்தானே கால் கிலோ கடுகு போச்சு?” என்று அவரே கேட்பார். வருடத்துக்குப் பன்னிரண்டு பட்டியல். காவலுக்கு ஒரு நோட்டு. இப்போது வாரத்துக்கு நாலு முறை சூப்பர் மார்க்கெட். போதாக்குறைக்குப் பத்தே நிமிடத்தில் வாசலுக்கு வரும் ஆப். அண்டர்வுட்டின் இருபது பட்டியலை நாம் ஐந்தே வாரத்தில் தாண்டிவிடுகிறோம்.

இனி எனக்குப் பிடித்த இடத்துக்கு வருகிறேன். மூளையில் கடல்குதிரை போல வளைந்த ஹிப்போகாம்பஸ் என்ற பகுதிதான் அன்றாட நிகழ்ச்சிகளைப் பதிவு செய்கிறது என்பது பள்ளிப் பாடத்திலேயே வந்துவிட்டது. அதன் நுழைவாயிலில் டென்டேட் ஜைரஸ் என்று ஒரு மெல்லிய மடிப்பு. அங்கே குருணை மாதிரிப் பொடிப்பொடியான செல்கள். எலியின் மூளையிலேயே சுமார் 10 லட்சம் இருக்கின்றன. இத்தனை இருந்தும் எந்த நேரத்திலும் நூற்றுக்குச் சில செல்கள்தான் வாய் திறக்கும். மற்றவை கம்மென்று இருக்கும். இவ்வளவு சோம்பேறிக் கூட்டத்தை இயற்கை ஏன் வைத்திருக்கிறது?

ஒரு கல்யாணக் கணக்குப் போடுவோம். ஊரில் அடுத்தடுத்து இரண்டு கல்யாணம். ஒவ்வொன்றுக்கும் 100 பேர் வருகிறார்கள். அதில் 80 பேர் இரண்டுக்கும் பொது. வாசலில் நின்று பார்ப்பவருக்கு இரண்டும் ஒரே கூட்டமாகத்தான் தெரியும். இப்போது ஆட்களை விட்டுவிட்டுக் கோலாட்டக் குழுக்களை எண்ணுங்கள். குழுவுக்குப் பத்துப் பேர். ஒருத்தியே பல குழுவில் இருக்கலாம். ஆனால் பத்துப் பேரும் வந்தால்தான் ஆட்டம். ஒருத்தி குறைந்தாலும் கோலைக் கீழே வைத்துவிடுவார்கள். முதல் கல்யாணத்தில் ஆடிய குழுக்களில் எத்தனை இரண்டாவதிலும் ஆடும்? பத்துப் பேருமே அந்தப் பொதுவான 80-க்குள் இருந்தாக வேண்டும். 0.8-ஐப் பத்து முறை பெருக்கிப் பாருங்கள், சுமார் 0.1 வரும். ஆள் கணக்கில் நூற்றுக்கு 80 ஒத்துப்போன இரண்டு கல்யாணங்கள் குழுக் கணக்கில் நூற்றுக்குப் பத்துதான் ஒத்துப்போகின்றன!

ஒவ்வொரு குருணை செல்லும் இப்படி ஒரு கோலாட்டக் குழு. நிஜ செல்லுக்கு வரும் இணைப்புகள் ஆயிரக்கணக்கில், விதியும் இவ்வளவு கறார் இல்லை. ஆனாலும் சூட்சுமம் இதுதான்: நிறையச் செல்கள், ஒவ்வொன்றும் எளிதில் மசியாத பிடிவாதக்காரி. ஒன்றுபோல் இருக்கும் இரண்டு நாட்களை மூளை இப்படித்தான் தனித்தனியாக்கி வைக்கிறது. இந்தத் திசையில் கணக்குப் போட்டவர் டேவிட் மார் என்ற ஆங்கிலேயர், 1971-இல். அப்போது அவருக்கு 26 வயது. 35 வயதில் ரத்தப் புற்றுநோயில் போய்ச் சேர்ந்தார். 2008-இல்தான் அமெரிக்காவில் ஒரு குழு, ஸ்கேன் கருவிக்குள் ஆட்களைப் படுக்கவைத்து, ஒரு பொருளின் படத்தையும் பிறகு கொஞ்சமே வேறுபட்ட இன்னொரு படத்தையும் காட்டிச் சோதித்தது. டென்டேட்டும் அதை ஒட்டிய பகுதியும் அந்த ஜாடைப் படத்தைப் புதுப் படமாகவே வரவேற்றன.

அப்படியானால் கடுகு ஏன் தப்புகிறது? கல்யாணக் கணக்கில் 80-ஐ எடுத்துவிட்டு 99 என்று வையுங்கள். விடுபட்டவர் ஒரே ஒருவர். அவர் இல்லாத குழுக்களெல்லாம் ஆடும். அதாவது நூற்றுக்குத் தொண்ணூறு. அதே கடை, அதே தட்டு, அதே மஞ்சள் நிறப் பாக்கெட், அதே சாயங்கால அவசரம். பிரிக்க எதுவும் இல்லாத இடத்தில் டென்டேட் என்ன செய்யும்?

கூடவே அடுத்த அறையில் நேரெதிரான வேலை நடக்கிறது. அங்குள்ள செல்கள் துண்டைப் பார்த்தே முழுதையும் நிரப்பிவிடும். செருப்புச் சத்தம் கேட்டதுமே வந்தது யாரென்று தெரிகிறதே, அது இவர்கள் கைங்கரியம். கடைத் தட்டில் கடுகைப் பார்த்ததும் அவர்கள் எடுத்து நீட்டுவது என்றோ ஒரு நாள் எண்ணெய் காய்ந்து புகைய, டப்பாவைக் கவிழ்த்தால் ஏழெட்டுக் கடுகு உருண்ட அந்தக் காட்சியை. பதற்றத்தோடு பதிந்தது அல்லவா, அதுதான் முதலில் வரும். பில் போட்டு வாங்கிய காட்சியில் பதிவதற்கு ஒன்றுமே இல்லை.

“வாங்க வேண்டும்” என்ற எண்ணம் வாங்கிய பிறகும் சாவதில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். இன்ன சொல் திரையில் வந்தால் இந்தப் பொத்தானை அழுத்து என்று பழக்கி, பிறகு அந்த வேலை முடிந்துவிட்டது என்று சொன்னாலும், சொல் வந்ததும் சிலர் விரல் பொத்தானுக்குப் போகிறது. முதியவர்களிடம் இது கூடுதல் என்று 2012-இல் வந்த ஆய்வு காட்டியது. வீட்டில் இருவர் ஷாப்பிங் செய்தால் கேட்கவே வேண்டாம். எங்கள் நான்கு பெருங்காயத்தில் ஒன்று நான் வாங்கவில்லை என்று இன்றும் வாதாடிக்கொண்டிருக்கிறேன்.

பரீட்சைக் காலம் வந்தால் ஞாபகசக்தி மாத்திரை, லேகியம் விளம்பரங்கள் முளைக்கும். வல்லாரைத் துவையல் எனக்கும் பிடிக்கும், சுடுசோறும் நெய்யும் இருந்தால். அதைச் சாப்பிட்டால் குருணை செல்கள் கூடுதலாகப் பிடிவாதம் பிடிக்கும் என்று சொல்பவரிடம் சோதனைக் குறிப்பைக் கேளுங்கள், பேச்சு மாறிவிடும். நம் நாடு மொத்த உற்பத்தியில் 0.64 சதவீதத்தை ஆராய்ச்சிக்குச் செலவிடுகிறது. இதற்குள் 26 வயதுப் பையன் ஒருவன் காகிதத்தில் கணக்கு மட்டும் போடுகிறேன் என்று வந்தால் யார் பணம் கொடுப்பார்கள்? “இதனால் சமுதாயத்துக்கு என்ன பயன்?” என்று ஒரு படிவம் கொடுப்பார்கள்.

வாசகிக்கு நேரான பதில்: ஐந்து பாக்கெட் கடுகுக்காக டாக்டரிடம் போக வேண்டாம். கடுகு எதற்கு என்பதே புரியாமல் நிற்பது, பழகிய தெருவில் வழி தவறுவது, சில்லறைக் கணக்கு திடீரென்று கைவிட்டுப்போவது, இப்படி ஏதாவது இருந்தால் தாமதிக்காமல் போங்கள். மற்றபடி, வாங்கி வந்ததும் மூடியில் ஒரு டேப் ஒட்டித் தேதி எழுதுங்கள். 99-ஐக் கொஞ்சமாவது குறைக்கும்.

நான் கிளம்புமுன் அலமாரியைப் போனில் படம் எடுத்துக்கொள்கிறேன். நேற்று கடையில் நின்று திறந்தால் அதே அலமாரி, அதே கோணத்தில், ஏழு படங்கள். ஒன்றுக்கொன்று வித்தியாசமே தெரியவில்லை. நல்ல வேளை, ஒவ்வொன்றின் மேலும் தேதி இருந்தது.