கட்டைவிரலுக்குத் தெரிய வேண்டிய இறுக்கம்

சென்ற மாம்பழப் பருவத்தில் காவேரிப்பட்டினம் பக்கத்திலிருந்து ஒரு டிராக்டர் என் பட்டறைக்கு வந்தது. ஓராண்டுக்குள் மூன்றாவது வாட்டர் பம்பும் கசியத் தொடங்கியிருந்தது. "அண்ணா, வாங்கியதெல்லாம் போலிச் சரக்கு" என்று கொதித்தார் உரிமையாளர். நான் பம்பை விட்டுவிட்டு, எஞ்சினின் சுழற்சியால் பம்பையும் விசிறியையும் ஆல்டர்னேட்டரையும் சுற்றவைக்கும் ஃபேன் பெல்ட்டை முதலில் அழுத்திப் பார்த்தேன். அசையவே இல்லை, தம்பூராத் தந்தி போல விறைத்து நின்றது. "கீச்சென்று கத்தும்போதெல்லாம் நானே கடப்பாறை கொடுத்து இறுக்கிவிடுவேன்" என்றார். மூன்று பம்புகளையும் கொன்றது அந்தக் கடப்பாறைதான்.

பெல்ட்டை அளவுக்கு மீறி இறுக்கினால், அது பம்பின் தண்டை இரவும் பகலும் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டே இருக்கும். தண்டைத் தாங்கும் பேரிங் முதலில் தேயும். தண்டு ஆடத் தொடங்கியதும், தண்ணீர் கசியாமல் தடுக்கும் சீல் கிழியும். பிறகு பம்பின் அடியிலுள்ள சிறு துளை வழியாகத் தண்ணீர் சொட்டும். சீல் போய்விட்டதென்று நமக்குக் காட்டுவதற்காகவே வைத்த துளை அது. தயவுசெய்து அதைப் பசை வைத்து அடைக்காதீர்கள். பேட்டரியை ஏற்றும் ஆல்டர்னேட்டரின் பேரிங்குக்கும் இதே கதிதான்.

தளர்ந்த பெல்ட்டின் கேடு வேறு வகை. சேலத்திலிருந்து சுமையோடு தொப்பூர் கணவாய் ஏறும் லாரியை எண்ணிப் பாருங்கள். எஞ்சின் முழு மூச்சாக உழைக்கும் அந்த நேரத்தில் பெல்ட் வழுக்கினால் பம்பும் விசிறியும் சுணங்கும், வெப்பமுள் சிவப்பைத் தொடும். கடலூரில் படகு எஞ்சின்கள் பார்த்த நாட்களில் இதன் கடுமையை இன்னும் நன்றாக உணர்ந்தேன். பெல்ட் வழுக்கினால் பேட்டரி ஏறாது. வயர்லெஸ், விளக்கு, செல்ஃப் ஸ்டார்ட்டர் எல்லாம் அந்தப் பேட்டரியை நம்பித்தான் இருக்கின்றன. நெடுஞ்சாலையில் லாரியை ஓரம் கட்டலாம். நடுக்கடலில் எந்த ஓரத்தில் கட்டுவது? அதனால் எஞ்சின் பெட்டியைத் திறந்ததும், பெல்ட் ஓடும் சக்கரமான புல்லியைச் சுற்றிக் கரிய தூள் படிந்திருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பேன். தேயும் பெல்ட் விட்டுச்செல்லும் தடயம் அது.

சரியான இறுக்கத்தை எஞ்சின் ஆறியிருக்கும்போது, சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு பார்க்க வேண்டும். ஓடும் பெல்ட்டுக்கு அருகில் விரலை நீட்டியவர்களின் கைகளை நான் பார்த்திருக்கிறேன். புல்லிகளுக்கு இடையே பெல்ட் மிக நீளமாக ஓடும் பகுதியின் நடுவில் கட்டைவிரலால் அழுத்துங்கள், ஏறக்குறைய 10 கிலோ எடை வைத்தது போல. டிராக்டருக்கும் சிறிய டீசல் எஞ்சினுக்கும் பொதுவாக 10 முதல் 15 மில்லிமீட்டர் இறங்கினால் போதும். உங்கள் எஞ்சினின் கையேடு வேறு அளவு சொன்னால் அதையே கேளுங்கள். பெல்ட்டை இறுக்க ஆல்டர்னேட்டரைத் தள்ள லிவர் கொடுப்பதானால் முன்பக்கத் தாங்கியருகே கொடுங்கள். பின்பக்க அலுமினிய உறை விரிசல் விட்டுவிடும். இரட்டை பெல்ட் என்றால் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

கீச்சென்ற சத்தமெல்லாம் தளர்வல்ல என்பதைத்தான் பலர் ஏற்க மறுக்கிறார்கள். வி வடிவ பெல்ட் தன் பக்கச் சுவர்களால்தான் புல்லியைப் பிடிக்கிறது. அந்தச் சுவர்கள் கண்ணாடி போலப் பளபளத்தாலோ, எண்ணெய் பட்டிருந்தாலோ, பெல்ட் புல்லிக் காடியின் அடித்தளத்தைத் தொட்டுக்கொண்டு ஓடினாலோ எவ்வளவு இறுக்கியும் பயனில்லை. பெல்ட்டை மாற்றத்தான் வேண்டும். சோப்புக் கட்டியைத் தேய்த்தால் சத்தம் அடங்கும், வழுக்கல் கூடும்.

அந்த டிராக்டரில் குறை இன்னும் ஓரிடத்தில் இருந்தது. முன்பு யாரோ ஆல்டர்னேட்டரைக் கழற்றி மாட்டியபோது ஒரு வாஷரை விட்டுவிட்டார்கள். நேர்கோலை வைத்துப் பார்த்தபோது அதன் புல்லி மற்ற புல்லிகளின் வரிசையிலிருந்து விலகியிருந்தது. பெல்ட் கோணலாக ஓடிக் கத்தியது, அவர் இறுக்கினார். வாஷரைப் போட்டு, புதிய பம்பும் பெல்ட்டும் மாட்டி, அரை மணி நேரம் ஓடவிட்டேன். மாங்கூழ்த் தொழிற்சாலைக்கு லோடு போக வேண்டும் என்று அவர் அவசரப்பட்டார். நான் விடவில்லை. புதிய பெல்ட் காடியில் அமர்ந்ததும் சற்றுத் தளரும். எஞ்சினை நிறுத்தி, ஆறவிட்டு, அவர் கட்டைவிரலையே வைத்து அழுத்தச் சொன்னேன். காலையில் 10 மில்லிமீட்டர் இறங்கியது, இப்போது 16 இறங்கியது. ஸ்பேனரை அவர் கையிலேயே கொடுத்தேன்.