டிசி வாங்கிக்கொண்டு வராதீர்கள்: திருநர் பிள்ளைக்குப் பள்ளியில் என்ன உரிமை?

பள்ளிக்குக் கொண்டுபோன தண்ணீர் பாட்டில் தினமும் குடிக்காமல் அப்படியே திரும்பி வருகிறதா? பிள்ளையை உட்கார வைத்துப் பக்குவமாகக் கேளுங்கள். பையன்கள் கழிப்பறைக்குப் போனால் கேலி, பொண்ணுங்க பக்கம் போனால் விரட்டல் என்று பயந்து சாயந்திரம் வரை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் திருநர் (திருநங்கை, திருநம்பி போன்ற) பிள்ளைகள் உண்டு, தண்ணீர் குடிக்காமல் இருப்பதுதான் அவர்களுக்குத் தெரிந்த ஒரே வழி.

இதற்குப் பள்ளிதான் வழி செய்து தர வேண்டும். 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் பிறப்பித்த உத்தரவு, ஆண் பெண் என்ற வரையறைக்குள் அடங்காத மாணவர்களுக்கும் சேர்த்துத்தான் பேசுகிறது. பாலினப் பாகுபாடில்லாத கழிப்பறை, ஆவணங்களில் பெயரும் பாலினமும் மாற்ற வழி, புரிந்து நடக்கும் ஆலோசகர் எல்லாம் வேண்டும் என்கிறது. மற்ற பெற்றோர் எதிர்க்கிறார்கள் என்று பள்ளி கையை விரித்தால், பெற்றோர் ஆசிரியர் கழகம் மூலம் அவர்களுக்குப் புரியவைக்கச் சொன்னதும் இதே உத்தரவுதான் என்று எடுத்துச் சொல்லுங்கள்.

சரி, "டிசி வாங்கிட்டுப் போயிடுங்க" என்றால்? வாங்காதீர்கள். திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 3-ன்படி, திருநர் என்பதற்காகச் சேர்க்க மறுப்பதும் பாதியில் நிறுத்துவதும் கூடாது. பாகுபாடில்லாமல் எல்லோரோடும் சேர்த்துப் படிக்க வைக்க வேண்டும் என்கிற பிரிவு 13, அரசு நிதி பெறும் பள்ளிக்கு மட்டுமல்ல, அங்கீகாரம் பெற்ற தனியார் பள்ளிக்கும் பொருந்தும், விளையாட்டு உட்பட. பிரிவு 11-ன்படி புகாரை விசாரிக்க ஓர் அலுவலர் அங்கே இருக்க வேண்டும், அவர் யார் என்று முதலிலேயே கேட்டு வையுங்கள்.

அடையாளச் சான்றிதழுக்கு, 18 வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோரோ பாதுகாவலரோ மாவட்ட ஆட்சியருக்கு விண்ணப்பிக்க வேண்டும். அதற்கு அவசரமில்லை, பிள்ளை தானாகக் கேட்கட்டும். பிள்ளைக்குப் பிடித்த பெயரைச் சொல்லி வகுப்பில் கூப்பிட எந்தக் காகிதமும் தேவையில்லை, வகுப்பாசிரியர் மனது வைத்தால் நாளைக்கே நடக்கும்.

அப்புறம், ஒன்பதாம் வகுப்பிலிருந்து திருநர் மாணவர்களுக்கு ஒன்றிய அரசின் ஸ்மைல் திட்டத்தில் வருடத்துக்கு 13,500 ரூபாய் உதவித்தொகை இருக்கிறது.

தலைமையாசிரியரிடம் வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். தேதி போட்டு எழுதிக் கொடுத்து, நகலில் சீல் வாங்குங்கள். பதில் வராவிட்டால் பள்ளிக் கல்வித் துறை உதவி எண் 14417, பிள்ளையை யாராவது அடித்தால், மிரட்டினால் உடனே குழந்தைகள் உதவி எண் 1098.