பென் ஸ்டேட் யுனிவர்சிட்டி மல்யுத்தத்துல ஜெயிக்குதுன்னு உங்க பையனை ஏன் பட்டினி போடறீங்க?

மறுபடியும் அதே கேஸ். ஹைஸ்கூல் பையன், 150 பவுண்ட், நம்ம தமிழ்க் குடும்பம்தான், அப்பா கூட்டிட்டு வந்தாரு. ஸ்கூல் மல்யுத்த டீம்ல 138 பவுண்ட் கிளாஸ் (எடைப் பிரிவு) காலியா இருக்காம், 150ல ஏற்கனவே ஒரு சீனியர் இருக்கானாம், அதனால ரெண்டு வாரத்துல 12 பவுண்ட் இறக்கணுமாம், டயட் சார்ட் குடுங்க மேடம்ங்கறாரு. பையன் உதடு வெடிச்சுப்போய் உக்காந்திருக்கான், முந்தின நாள்லேர்ந்து தண்ணி குடிக்கலயாம். ஏன் சார் இப்படின்னு கேட்டா, "பென் ஸ்டேட்லாம் இப்படித்தானே மேடம் ஜெயிக்கறாங்க, பெரிய பசங்களை சின்ன வெயிட்டுக்கு இறக்கி விட்டு அடிக்கறாங்க"ன்னு எனக்கே கிளாஸ் எடுக்கறாரு.

ஸ்போர்ட்ஸ் டயட்டீஷியனா இருந்துக்கிட்டு சீசன் ஆரம்பிச்சாலே இதைக் கேட்டுக் கேட்டு காது புளிச்சுப் போச்சு, அதனால ஒருதடவை எழுதியே வெச்சுடறேன், அடுத்து வர்றவங்களுக்கு லிங்க் அனுப்பிக்கலாம்.

பென் ஸ்டேட் 2011லேர்ந்து 2025க்குள்ள 12 தடவை என்சிஏஏ (அமெரிக்கக் காலேஜ் விளையாட்டு அமைப்பு) டீம் டைட்டில் அடிச்சிருக்கு, சரிதான். ஆனா எப்படி அடிச்சுதுன்னு பாயிண்ட் கணக்கைப் பாருங்க. 125லேர்ந்து 285 வரைக்கும் பத்து கிளாஸ், ஒவ்வொண்ணுக்கும் டீமுக்கு ஒரே ஆள். முதல் இடத்துக்கு 16, ரெண்டாவதுக்கு 12, மூணாவதுக்கு 10, இப்படியே எட்டாவது இடத்துக்கு 3 வரைக்கும் உண்டு. ஒவ்வொரு ரவுண்டு தாண்டறதுக்கும் தனி பாயிண்ட். அதுக்கு மேல எதிராளி தோளை மேட்ல அமுக்கி பின் பண்ணா 2, டெக் ஃபால்னா (15 பாயிண்ட் வித்தியாசம்) ஒன்றரை, மேஜர்னா (8லேர்ந்து 14 வித்தியாசம்) 1 போனஸ். 2025ல பிலடெல்பியால பென் ஸ்டேட் 177 எடுத்துச்சு, அதுவரைக்கும் யாருமே எடுக்காத ஸ்கோர். சாம்பியன் எத்தனை பேர்னு நினைக்கறீங்க? ரெண்டே பேர். ஆனா பத்து கிளாஸ்லயும் பத்து பேரும் முதல் எட்டுக்குள்ள வந்தாங்க, அதான் விஷயம். மினசோட்டா 2001ல ஃபைனலுக்கே ஒருத்தனும் போகாம டீம் டைட்டிலைத் தூக்கிட்டுப் போச்சு, அங்கயும் பத்துக்குப் பத்து.

இப்ப சொல்லுங்க, தண்ணி இல்லாம காஞ்சவன் இந்தக் கணக்குல எங்க வருவான்? காலேஜ் மேட்ச் ஏழு நிமிஷம், சாம்பியன்ஷிப் மூணு நாள், மூணு நாளும் வெயிட் பாப்பாங்க. நிறைய தடவை போனஸ் பாயிண்ட் கடைசி ரெண்டு நிமிஷத்துல, எதிராளி மூச்சு வாங்கும்போது விடாம அமுக்கறவனுக்குத்தான். காஞ்சவனுக்கு அந்த ரெண்டு நிமிஷம் காலே நகராது. தட்டுத்தடுமாறி 3-2ன்னு ஜெயிச்சா போனஸ் கிடையாது.

"பெரிய பையனை இறக்கி விட்டா ஜெயிப்பான்"ங்கற இந்த நம்பிக்கைதான் எனக்கு உச்சக்கட்ட எரிச்சல். பெரிய சாம்பியன்கள்ல நிறைய பேரு போகப் போக மேல ஏறித்தான் போயிருக்காங்க. பென் ஸ்டேட் கோச் கேல் சாண்டர்சன் காலேஜ்ல 159 மேட்ச், ஒண்ணு கூட தோக்கல, 184ல மூணு டைட்டில், கடைசி வருஷம் 197ல ஒண்ணு. கார்னெல் யுனிவர்சிட்டி கைல் டேக் 2010லேர்ந்து நாலு வருஷம் நாலு டைட்டில், 141, 149, 157, 165ன்னு வருஷத்துக்கு ஒரு கிளாஸ் ஏறினாரு. பென் ஸ்டேட்டோட கார்ட்டர் ஸ்டரோச்சி 174ல நாலு தடவை ஜெயிச்சுட்டு அஞ்சாவதை 184ல எடுத்தாரு. அதே டீமோட போ நிக்கல், ஆரன் ப்ரூக்ஸ், ரெண்டு பேருமே மேல ஏறி 197லதான் முடிச்சாங்க. இவங்க யாரும் வெயிட்டே குறைச்சதில்லன்னு சொல்ல வரல, காலேஜ்ல எல்லாரும் கொஞ்சம் குறைப்பாங்க, ஆனா டாக்டர், ட்ரெய்னர், டயட்டீஷியன்னு ஆள் வெச்சு, கணக்கு பாத்து. யூடியூப் பாத்துட்டு ஹீட்டர் போட்டு கார்ல உக்காந்து இல்ல.

வினேஷ் போகாட் கதை எல்லாருக்கும் தெரியும், 2024 பாரிஸ், 100 கிராம் எடை கூடிப்போய் ஃபைனலே போச்சு. அதையும் "எவ்வளவு போராடினாங்க பாத்தீங்களா மேடம்"னு உதாரணமா என்கிட்டயே சொல்றாங்க, என்னத்தைச் சொல்ல.

1997 நவம்பர், டிசம்பர்ல நார்த் கரோலினா, விஸ்கான்சின், மிச்சிகன்ல மூணு காலேஜ் பசங்க வெயிட் குறைக்கும்போதே செத்தாங்க. 19, 22, 21 வயசு. மூணு பேருமே காத்துப் போகாத டிரெஸ்ஸைப் (ரப்பர் சூட் மாதிரி) போட்டுக்கிட்டு சூடான ரூம்ல உடற்பயிற்சி பண்ணவங்க. அதுக்கப்புறம்தான் என்சிஏஏ சானா, ரப்பர் சூட் எல்லாத்தையும் தடை பண்ணி, எடை பாக்கறதை மேட்ச்சுக்கு ஒண்ணு ரெண்டு மணி நேரம் முன்னாடி கொண்டுவந்து, இருக்கறதுலயே சின்னதான 118 கிளாஸை 125 ஆக்குச்சு. சட்டம் சும்மா வரல.

அதனால தயவுசெஞ்சு கேளுங்க. ஹைஸ்கூல்லயும் விதி இருக்கு, வாரத்துக்கு உடம்பு எடைல ஒன்றரை சதவீதத்துக்கு மேல குறைக்கக் கூடாது. 150 பவுண்ட் பையனுக்கு அது ரெண்டேகால் பவுண்ட்தான், அதுகூட முழுசா இறங்காத வாரமும் இருக்கும், 12 பவுண்டுக்கு அஞ்சாறு வாரம் வேணும். அதுவும் சீசன் ஆரம்பத்துல டெஸ்ட் எடுத்துக் குடுத்த மினிமம் வெயிட் இடம் குடுத்தாத்தான். அந்த டெஸ்ட்ல பசங்களுக்குக் கொழுப்பு 7 சதவீதம், பொண்ணுங்களுக்கு 12, அதுக்குக் கீழ கிடையாது, "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணுங்க"ன்னு ட்ரெய்னர்கிட்ட போய் நிக்காதீங்க. காலி இடம் 157லயும் இருக்கலாம், கேட்டுப் பாருங்க, இல்லேன்னா ஒரு வருஷம் ஜேவில, அதாவது ரெண்டாவது டீம்ல, ஆடட்டும், வளர்ற வயசு. பேதி மாத்திரை, யூரின் மாத்திரை, துப்பித் துப்பி எடை குறைக்கறது, குப்பைப் பையைப் போட்டுக்கிட்டு ஓடறது, எதுவும் வேண்டாம். கோச் சொன்னாருன்னாலும் வேண்டாம், கோச்சை எனக்கு ஃபோன் பண்ணச் சொல்லுங்க.

தம்பிகளா, உங்களுக்கும்தான். தல சுத்துது, வேர்வை நின்னு போச்சு, பேச்சு குழறுதுன்னா ப்ராக்டிஸை நிறுத்திட்டு யார்கிட்டயாவது சொல்லுங்க, யாரும் உங்களைக் கோழைன்னு நினைக்க மாட்டாங்க. பேரண்ட்ஸ், பையன் குழப்பமாப் பேசினாலோ, யூரின் டிகாஷன் கலர்ல வந்தாலோ நேரா 911. என் கிளினிக்குக்கு ஃபோன் போட்டு அப்பாயின்ட்மென்ட் கேட்டுட்டு இருக்காதீங்க.