கூரைக் காரை பெயர்ந்து விழுந்தால் பணத்தை எந்த வரிசையில் செலவழிப்பது?

சென்னையின் தென்புறப் புறநகர்களில், 1980களிலும் 1990களின் தொடக்கத்திலும் வங்கிக் கடன் வாங்கிக் கட்டப்பட்ட தனி வீடுகள் ஆயிரக்கணக்கில் உள்ளன. கடன் என்றோ அடைந்துவிட்டது. கட்டியவர்கள் ஓய்வு பெற்றுவிட்டார்கள். பிள்ளைகள் வெளியூரில் இருக்கிறார்கள். இனி வீட்டுக்கென்று பெரிய செலவு வராது என்று நம்பியிருக்கும் நேரத்தில், வடகிழக்குப் பருவமழையின் ஓர் இரவில் படுக்கையறைக் கூரையிலிருந்து தட்டு அளவு காரை பெயர்ந்து விழுகிறது. உள்ளே துருவேறிய கம்பி தெரிகிறது. பயந்துபோன குடும்பம் மறுநாள் காலையிலேயே கைக்குக் கிடைத்த ஒப்பந்தக்காரரை அழைக்கிறது. அவர் சொல்லும் தொகையைக் கேட்டு அதிர்ந்து, நகையை அடகு வைத்தாவது முன்பணம் கொடுத்துவிடுகிறது. பழைய கட்டடங்களை ஆய்வு செய்து பழுது பார்ப்பதைத் தொழிலாகக் கொண்ட பொறியாளன் என்ற முறையில், இந்தக் கட்டுரையில் நான் வலியுறுத்த விரும்புவது ஒன்றுதான். இத்தகைய செலவில் எவ்வளவு என்பதைவிட எந்த வரிசையில் என்பதே முக்கியம். முதலில் உயிர்ப் பாதுகாப்பு, அடுத்து தண்ணீரை நிறுத்துவது, அதற்கடுத்து சோதனை, கடைசியாகவே காங்கிரீட் வேலை. இந்த வரிசையை மாற்றியவர்கள் ஒரே வேலைக்கு இரண்டு முறை பணம் கொடுப்பதை நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

கூரைக்குள் என்ன நடக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் பயம் பாதி குறையும். நல்ல காங்கிரீட்டுக்குக் காரத்தன்மை மிக அதிகம். அந்தக் காரத்தன்மை கம்பியின் மேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய காப்புப் படலத்தை உருவாக்கி, துருப்பிடிக்காமல் காக்கிறது. காற்றிலுள்ள கரியமில வாயு ஆண்டுக்கணக்கில் உள்ளே ஊடுருவும்போது காரத்தன்மை குறைகிறது. உப்பு உள்ளே புகுந்தால் காரத்தன்மை இருக்கும்போதே படலம் உடைகிறது. அதன்பின் ஈரமும் காற்றும் சேர்ந்தால் துரு தொடங்கிவிடும். துரு, தான் தின்ற இரும்பைப் போல் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்வதால், உள்ளிருந்து அழுத்தம் கொடுத்துக் கம்பிக்குக் கீழே உள்ள காங்கிரீட்டை வெடிக்கச் செய்கிறது. நம் தலைமேல் விழுவது அந்தக் கீழ்ப்பகுதிதான்.

அந்தக் காலத்து வீடுகளில் இது ஏன் இவ்வளவு அதிகம் என்பதற்கும் காரணங்கள் உண்டு. காங்கிரீட் கட்டுமானத்துக்கான இந்தியத் தர விதித்தொகுப்பான ஐ.எஸ். 456, 1978ஆம் ஆண்டுப் பதிப்பில், கூரைத் தளத்தில் கம்பிக்கும் வெளிப்பரப்புக்கும் இடையே 15 மி.மீ. காங்கிரீட் இருந்தால் போதும் என்றது. எம் 15 தரத்தையும் அனுமதித்தது (எண் கூடினால் காங்கிரீட்டின் வலிமையும் கூடும்). 2000ஆம் ஆண்டில் திருத்தப்பட்ட தொகுப்பு, குறைந்தபட்சத் தரத்தை எம் 20 ஆக உயர்த்தியது; கடலோரச் சூழலுக்கு 45 மி.மீ. காப்பு கேட்கிறது. விதி சொன்ன 15 மி.மீ. கூடப் பல வீடுகளில் இல்லை என்பதே நடைமுறை உண்மை. கம்பியைத் தூக்கிப் பிடிக்கும் சிறு கட்டைகளான கவர் பிளாக் வைக்காமல் சென்ட்ரிங் பலகையின் மேலேயே கம்பியைப் பரப்பிக் காங்கிரீட் போட்டிருப்பார்கள். சீலிங் பூச்சைத் தட்டி எடுத்தவுடன், காங்கிரீட்டைக் கொத்தாமலேயே கம்பி வெளியே தெரிந்த வீடுகள் ஏராளம். இதோடு, வீட்டு மனையிலேயே போட்ட ஆழ்துளைக் கிணற்றின் உப்பு நீரில் காங்கிரீட் கலந்து, அதே நீரை ஊற்றி நீராற்றியிருந்தால், துருவுக்கான விதை கட்டிய நாளிலேயே விழுந்துவிட்டது என்று பொருள். காங்கிரீட் கலக்கும் நீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது விதி. கடற்கரையை ஒட்டிய பகுதிகளில் அன்று அதைச் சோதித்துப் பார்த்தவர்கள் மிகச் சிலர்.

எனவே காரை விழும் நாள்தான் திடீரென்று வருகிறது. பழுது பல ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கியிருக்கும். சன்ஷேடின் விளிம்பு, போர்ட்டிகோ, குளியலறை மற்றும் சமையலறைக் கூரை, மேல்நிலைத் தொட்டிக்கு நேர் கீழே உள்ள இடம் ஆகியவற்றில் அது முதலில் முகம் காட்டும். பழுப்பு நிறக் கறையோ, கம்பி போகும் வழியிலேயே ஒரே இடைவெளியில் நேர்க்கோடுகளாக ஓடும் விரிசலோ தெரிந்தால் அலட்சியம் செய்யாதீர்கள். சுத்தியலின் மரப்பிடியால் கூரையை மெல்லத் தட்டிப் பாருங்கள். நல்ல இடம் கணீரென்று ஒலிக்கும். பெயர்ந்த இடம் பொத்தென்று ஒலிக்கும். இதற்குப் பொறியாளர் தேவையில்லை. இப்படிப்பட்ட கூரையின் கீழ் பால்ஸ் சீலிங் போட்டு மறைப்பதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். உள்ளே பெயரும் காங்கிரீட்டின் எடையை அந்த அட்டை தாங்காது. நோய் முற்றும்வரை உங்களுக்குத் தெரியவும் தெரியாது.

காரை விழுந்துவிட்ட வீட்டில் முதல் நாள் செய்யவேண்டியவை செலவு குறைந்தவை. கட்டிலையும் பிள்ளைகளின் படிப்பு மேசையையும் அந்த அறையிலிருந்து அகற்றுங்கள். மின்விசிறியைக் கழற்றி இறக்கிவிடுங்கள்; அது தொங்கும் கொக்கியும் அதே கூரையில் பதிந்ததுதான், அதுவும் துருவேறியிருக்கும் என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. மொட்டை மாடியில் அடுக்கிய செங்கல், பூந்தொட்டி, பழைய சாமான்களைக் கீழே இறக்குங்கள். அந்தப் பகுதியின் மேல் தண்ணீர்த் தொட்டி இருந்தால் காலி செய்யுங்கள். பிறகு வாடகைக்குக் கிடைக்கும் இரும்பு ஜாக்கிகளைக் கொண்டு, மேலே மரச்சட்டம் வைத்து முட்டுக் கொடுக்கச் சொல்லுங்கள். பழுது முதல் மாடிக் கூரையில் இருந்தால், அதற்கு நேர் கீழே தரைத்தளத்திலும் முட்டு வேண்டும். இல்லையென்றால் மேல் தளத்தின் எடை முழுவதும் இடைத்தளத்தின் மேல் இறங்கும். ஜாக்கி வாடகை, முழு வேலைக்குக் கேட்கப்படும் தொகையில் மிகச் சிறிய பங்குதான். அந்தச் சிறிய செலவு, பதற்றமின்றி முடிவெடுக்கச் சில மாத அவகாசத்தை உங்களுக்கு வாங்கித் தருகிறது. விழுந்த இடத்தின் மேல் சிமெண்ட் பூசி மூடுவது மட்டும் வேண்டாம். துருவேறிய கம்பியின் மேல் போட்ட பூச்சு நிற்காது. அடுத்த முறை அதுவும் சேர்ந்து விழும்.

அடுத்தது தண்ணீர். ஈரம் இல்லாவிட்டால் துரு வேகம் குறையும் என்பதால், கூரையைத் தொடுமுன் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். கைப்பிடிச்சுவரும் தளமும் சேரும் மூலை, மழைநீர்க் குழாயின் வாய், தட்டோடுகளின் இணைப்பு ஆகிய மூன்றும் வழக்கமான வழிகள். மாடியில் ஆள் புழங்கும் வீடாக இருந்தால் குளியலறையின் புதைகுழாயையும் சந்தேகிக்க வேண்டும். கோடையிலும் கூரையில் ஈரம் இருந்தால் அது மழைநீர் அன்று, குழாய் நீர்தான் என்று பெரும்பாலும் முடிவு கட்டலாம்.

இங்கேதான் மிகப் பெரிய தவறு நடக்கிறது. பழைய சுண்ணாம்பு செங்கல் ஜல்லித் தளத்தை அகற்றாமல், அதன் மேலேயே 2 அங்குலக் காங்கிரீட் போட்டு, அதற்கு மேல் புதிய கூல் ரூஃப் டைல் பதிக்கிறார்கள். 50 மி.மீ. காங்கிரீட்டின் எடை சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 120 கிலோ. ஆட்கள் நடமாடும் மொட்டை மாடி தாங்கவேண்டிய புழக்கச் சுமையாக, கட்டடச் சுமைகளுக்கான இந்தியத் தர விதித்தொகுப்பான ஐ.எஸ். 875 கணக்கிடுவது சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 150 கிலோதான். அதாவது, ஏற்கெனவே கம்பி மெலிந்த கூரையின் மிச்சமிருக்கும் தாங்குதிறனில் பெரும்பகுதியை, அதைக் காப்பதற்கென்று செய்யும் வேலையே தின்றுவிடுகிறது. பழையதை உடைத்து அகற்றுவதற்குக் கூலியும், கழிவை அப்புறப்படுத்த வண்டிச் செலவும் ஆகும் என்பது உண்மை. ஆனால் கூரை பலவீனமான வீட்டில் அந்தச் செலவைத் தவிர்ப்பதை நான் ஒருபோதும் ஒப்புக்கொள்வதில்லை. இந்த வேலையைப் பிப்ரவரி முதல் மே வரையிலான காய்ந்த மாதங்களில் செய்வதே நல்லது. ஈரம் தேங்கிய தளத்தின் மேல் பூசப்படும் எந்த நீர்த்தடுப்புப் பூச்சும் கொப்புளித்து உரியும்.

சோதனைக்கு ஆகும் பணத்தை வீண் என்று எண்ணுகிறவர்கள் பலர். முழு வீட்டுக்கும் எல்லாச் சோதனைகளும் தேவையில்லை. புதிதாகப் பெயர்த்தெடுத்த காங்கிரீட் பரப்பில் பினாப்தலீன் கரைசலைத் தெளித்தால், காரத்தன்மை உள்ள பகுதி இளஞ்சிவப்பாக மாறும்; இழந்த பகுதி நிறம் மாறாது. கம்பி இருக்கும் ஆழம்வரை நிறம் மாறவில்லையென்றால் காப்பு போய்விட்டது என்று அந்த இடத்திலேயே தெரிந்துவிடும். காங்கிரீட் தூளை எடுத்துக் குளோரைடு அளவைப் பார்க்கலாம். கம்பியின் மின்னழுத்தத்தை அளக்கும் ஆஃப் செல் சோதனையில் அது மைனஸ் 350 மில்லிவோல்ட்டைவிடக் கீழே போனால், அந்த இடத்தில் துரு நடந்துகொண்டிருக்க 90 விழுக்காட்டுக்கு மேல் வாய்ப்பு உண்டு. ரீபவுண்டு ஹேமரை நான்கு இடத்தில் தட்டி, அந்த ஒரு எண்ணை வைத்துக்கொண்டு வீட்டையே இடிக்கச் சொல்பவரை நம்பாதீர்கள்; அது மேற்பரப்பின் கடினத்தை மட்டும் காட்டும் கருவி. பொறியியல் கல்லூரிகளின் கட்டுமானத் துறைகள் சிலவும் கட்டணம் பெற்றுக்கொண்டு இத்தகைய சோதனைகளைச் செய்து தருகின்றன.

மடிப்பாக்கத்தில் ஒரு வீடு. ஓய்வு பெற்ற ஆசிரியரும் அவர் மனைவியும் மட்டுமே இருந்தார்கள். "மொத்தக் கூரைக்கும் பாலிமர் ட்ரீட்மென்ட் பண்ணிடலாம் சார், இல்லன்னா எப்ப வேணாலும் இறங்கிடும்" என்று ஒருவர் சொல்லியிருந்தார். அவர் எழுதிக் கொடுத்த தாளில் அளவு இல்லை. மொத்தத் தொகை மட்டும் இருந்தது. அதில் வெளிச்சுவர்ப் பெயிண்டும் சேர்ந்திருந்தது என்பதைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. கூரை முழுவதையும் தட்டிப் பார்த்து, பெயர்ந்த இடங்களைச் சாக்பீஸால் வட்டமிட்டபோது, இரண்டு அறைகளில் மட்டுமே வட்டங்கள் நெருக்கமாக இருந்தன. அந்த இரண்டுக்கும் நடுவே மாடிக் குளியலறையின் குழாய் கசிந்துகொண்டிருந்தது. குழாயை மாற்றி, முட்டுக் கொடுத்து, ஓர் அறையை அந்தக் கோடையிலும் மற்றதை அடுத்த கோடையிலும் செய்துகொண்டார்கள். அந்த அம்மாவின் நகை அடகுக்குப் போகவில்லை. எல்லா வீட்டிலும் இப்படி முடியும் என்று நான் சொல்லவில்லை. கம்பியின் பருமன் நான்கில் ஒரு பங்கு குறைந்து, அது கூரை முழுக்கப் பரவியிருந்தால், அந்தத் தளத்தையே எடுத்துவிட்டுப் புதிதாகப் போடுவதுதான் சரி.

பெயர்ந்த இடத்தை மட்டும் கொத்திச் சரிசெய்யும் ஒட்டு வேலை செய்வதாக இருந்தால், கம்பியின் அடிப்பக்கத்தோடு நிற்காமல், அதற்குப் பின்னாலும் விரல் நுழையும் அளவு கொத்தி எடுக்க வேண்டும். துருவை நான்கு பக்கமும் தேய்த்துச் சுத்தம் செய்து, துருத்தடுப்புப் பூச்சும் பிணைப்புப் பூச்சும் கொடுத்து, பாலிமர் கலந்த கலவையை மெல்லிய அடுக்குகளாக ஏற்றி நீராற்ற வேண்டும். உப்பேறிய கூரையில் இன்னொரு சிக்கலும் உண்டு. புதிய ஒட்டுக்குள் இருக்கும் கம்பி பாதுகாப்பாக இருக்க, ஒட்டைச் சுற்றியுள்ள பழைய பகுதியில் துரு முன்பைவிட வேகமாகத் தொடங்கும். ஒட்டுப் போட்ட இடத்துக்குப் பக்கத்திலேயே இரண்டொரு ஆண்டில் மீண்டும் பெயர்வதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். ஆகவேதான் குளோரைடு அளவைத் தெரிந்துகொள்ளாமல் ஒட்டு வேலைக்குப் பெரும் பணம் போடாதீர்கள் என்கிறேன்.

ஒப்பந்தத்தில் மொத்தத் தொகைக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். கொத்திய பிறகே உண்மையான பரப்பு தெரியும் என்பதால், சதுர அடிக்கு இவ்வளவு என்று விலை பேசி, கொத்தி முடித்த நாளில் இரு தரப்பும் சேர்ந்து அளவெடுத்துக் கையெழுத்திடுவதே நியாயம். ஜி.எஸ்.டி. சேர்த்தா தனியா என்பதை எழுத்தில் வாங்குங்கள். பாலிமர் கேன்களையும் கலவை மூட்டைகளையும் நீங்களே வாங்கிக் கொடுங்கள். முடியாவிட்டால் வந்து இறங்கியவற்றை எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். பத்து விழுக்காட்டையாவது ஒரு பருவமழை கடக்கும்வரை நிறுத்தி வைக்க ஒப்புக்கொள்பவரிடம் வேலையைக் கொடுங்கள்.

பணம் திரட்டும் வழிகளைப் பொறுத்தவரை, பணியில் இருப்பவர்கள் வருங்கால வைப்பு நிதியில் வீட்டுத் தேவைக்கென எடுக்க இடம் உண்டு. வீட்டுப் பத்திரம் தெளிவாக இருந்தால் வங்கிகள் பழுதுபார்ப்புக்கும் கடன் தருகின்றன. சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டுக்கு அந்தக் கடனின் வட்டியில் ஆண்டுக்கு 30,000 ரூபாய் வரை, பழைய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவர்கள் கழித்துக்கொள்ளலாம். வீட்டுக் காப்பீட்டைப் பற்றிப் பலருக்குத் தவறான நம்பிக்கை இருக்கிறது. 2021 ஏப்ரல் முதல் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் வழங்கிவரும் பாரத் க்ருஹ ரக்ஷா, புயல், வெள்ளம், தீ, குழாய் வெடிப்பு போன்றவற்றின் சேதத்தை ஏற்கும். வயதால் வந்த தேய்மானத்தையும் துருவையும் ஏற்காது. புதிய வீடு வாங்கியவர்களின் நிலை வேறு. ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 14ஆம் பிரிவின்படி, வீட்டை ஒப்படைத்த 5 ஆண்டுக்குள் கட்டமைப்புக் குறை தெரிந்து, அதை உரிமையாளர் தெரிவித்தால், கட்டுநர் 30 நாளுக்குள் தம் செலவிலேயே சரிசெய்ய வேண்டும். எனவே வாட்ஸ்அப் உரையாடலோடு நிறுத்தாமல், படங்களோடு பதிவு அஞ்சலில் கடிதமும் அனுப்புங்கள். அடுக்ககத்தின் மேல்மாடியில் இருப்பவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: மொட்டை மாடி பொதுப் பகுதி, அங்கிருந்து ஒழுகும் நீரைத் தடுக்கும் செலவு, மேல் வீட்டுக்காரர் ஒருவரின் தலையில் விழவேண்டியதன்று.

இறுதியாக, தனியாக வாழும் முதியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கூரைக் காரை விழுந்த செய்தி தெருவில் பரவியதும், "வீடு முடிஞ்சு போச்சும்மா, இனி பழுது பார்த்துப் பயனில்லை, ஜாயின்ட் வென்ச்சருக்குக் கொடுத்துடுங்க" என்று சொல்லிக்கொண்டு ஆட்கள் வருவார்கள். மனையைக் கட்டுநரிடம் கொடுத்து, பழைய வீட்டை இடித்துப் புதிதாகக் கட்டிப் பங்கு பெறுவதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். கொடுப்பது சரியான முடிவாகவும் இருக்கலாம். ஆனால் வேறு ஒரு பொறியாளரிடமிருந்து, அடித்தளம், சுவர், கூரை மூன்றின் நிலையையும் தனித்தனியாகக் குறிப்பிட்டு எழுதி வாங்கிய அறிக்கை கையில் இல்லாமல் எந்தத் தாளிலும் கையெழுத்திடாதீர்கள். கூரைத் தளம் மட்டுமே பழுதாகி, சுவரும் அடித்தளமும் உறுதியாக இருக்கும் வீடுகளை நான் நிறையவே பார்க்கிறேன். அப்படி இருந்தால் அந்த அறிக்கையை வந்தவரின் முன் வைத்து, பழுதுபார்ப்புச் செலவைக் கழித்து உங்கள் மனையின் மதிப்பு என்ன என்ற இடத்திலிருந்து பேச்சைத் தொடங்கலாம்.