தலசீமியாவும் உடம்பில் தங்கும் இரும்பும்

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் பிள்ளை வெளிறிப்போனால், முருங்கைக்கீரையும் கேழ்வரகுக் களியும் கொடுத்தால் ரத்தம் ஊறிவிடும் என்பார்கள். சாதாரண ரத்தசோகைக்கு அது நல்ல யோசனைதான். ஆனால் பரம்பரை ரத்தநோயான பீட்டா தலசீமியாவில் குறைவது இரும்பு அன்று, ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் புரதத்தின் ஒரு பகுதியான பீட்டா சங்கிலி. கருவில் அதன் இடத்தைக் காமா சங்கிலி நிரப்புவதால் பிறக்கும்போது குறை தெரிவதில்லை. காமா ஓயும் மாதங்களில்தான் குழந்தை வெளிறத் தொடங்குகிறது. தாயும் தந்தையும் இக்குறையைச் சுமப்பவர்களாக இருந்தால் ஒவ்வொரு கருவுக்கும் நோய் வர 25 சதவீத வாய்ப்பு உண்டு. தாய்மாமனுக்குப் பெண் கொடுக்கும் வழக்கத்தில் அப்படி இருவர் சேர்வது எளிது.

நோய் கடுமையானால் இரண்டு முதல் ஐந்து வாரங்களுக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றியாக வேண்டும். உயிர் காக்கும் அந்த ரத்தமே வயது கூடக்கூடப் பாரமாகிறது. ஒரு யூனிட்டில் ஏறக்குறைய 200 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது; நாளொன்றுக்கு 1 அல்லது 2 மில்லிகிராம் தானாகக் கழிவதைத் தவிர, சேர்ந்த இரும்பை வெளியேற்ற உடம்புக்கு வழியில்லை. மூன்று வாரத்துக்கு இரண்டு யூனிட் ஏற்றிக்கொள்ளும் பெரியவருக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 7 கிராம் சேரும். நலமான ஒருவரின் உடல் முழுவதும் இருப்பதே 3 முதல் 4 கிராம்தான். அந்த மிச்சம் கல்லீரலிலும் கணையத்திலும் மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரிச் சுரப்பியிலும் இதயத்திலும் படிகிறது. அதனால்தான் பூப்பெய்துவது தள்ளிப்போகிறது, இளவயதிலேயே சர்க்கரை நோய் வருகிறது, எலும்பு தேய்கிறது, கவனிக்காவிட்டால் இதயம் தளர்கிறது.

இரும்பை வெளியேற்றும் டெஸ்ஃபெரியாக்சமின் மருந்தைத் தோலுக்கடியில் ஊசி செருகி, சிறு பம்ப் மூலம் இரவில் 8 முதல் 12 மணி நேரம், வாரத்தில் ஐந்து இரவாவது செலுத்த வேண்டும். இங்கேதான் முதுமையைப் பற்றிய எண்ணம் மருத்துவத்துக்குள் நுழைகிறது. படியும் இரும்பு வெகுகாலம் வலிப்பதில்லை, ஊசியோ இன்றிரவே வலிக்கிறது. இருபதைத் தாண்டமாட்டாய் என்று கேட்டு வளர்ந்த பிள்ளை எந்த நாற்பதுக்காக அதைக் குத்திக்கொள்ளும்? ஊசியைத் தவிர்த்தால் அந்தக் கணிப்பே பலித்துவிடுகிறது. டெஃபெரிப்ரோன், டெஃபெராசிராக்ஸ் ஆகிய வாய்வழி மருந்துகள் வந்தபின் இச்சுழல் ஓரளவு தளர்ந்தது.

இத்தாலியிலும் கிரேக்கத்திலும் இந்நோயாளிகள் ஐம்பதைக் கடந்து வாழ்கிறார்கள். நம் ஊரில் நாற்பதை எட்டுகிறவருக்கு, படிப்பையும் கல்யாணத்தையும் ஒத்திப்போட்டு வந்த வீட்டில், ஓய்வுக்காலச் சேமிப்பு என்பதே புதுப் பேச்சாக இருக்கும். முழங்கால் வலித்தால் அது நோயினாலா, வயதினாலா என்று அவர் மருத்துவரைக் கேட்பார்; வயதினால்தான் என்ற பதில் அவருக்குக் கசக்காது.