வேலியோரச் செந்தட்டியும் டப்பாவில் வரும் நெட்டில் பொடியும்

சென்ற வாரம் பென்னாகரம் பக்கத்திலிருந்து ஏழு மாதக் கர்ப்பிணி ஒருவர் உணவு ஆலோசனைக்கு வந்திருந்தார். பத்து பாயிண்ட் இருந்த அவருடைய ரத்தம் எட்டாக இறங்கியிருந்தது. இரும்புச்சத்து மாத்திரையால் மலம் கறுத்துப் போகிறது, வயிறு கட்டிக்கொள்கிறது என்று அதை நிறுத்திவிட்டு, கைப்பேசியில் பார்த்த காணொலியை நம்பி, இரும்புச்சத்து மிகுந்தது என்று டப்பாவில் பெரிய எண் போட்டு விற்கும் நெட்டில் (nettle) என்ற கீரையின் பொடியை வரவழைத்து, தினமும் ஒரு தேக்கரண்டி வெந்நீரில் கலந்து குடித்திருக்கிறார். பொடி தீர்ந்ததும் மாமியார், "இது நம்ம வேலியில படர்ற செந்தட்டிதானே" என்று பறித்துவந்து பச்சையாக அரைத்துக் கொடுத்ததில், உதடும் நாக்கும் தடித்துப்போய் இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. அதே பொடியோடு என்னிடம் வந்தவர்களில் இவர் நான்காமவர்.

காணொலியில் காட்டப்படும் நெட்டில், இமயமலைச் சரிவுகளில் வளரும் செடி. உத்தராகண்டில் அதைக் கண்டாலி என்றும், நேபாளத்தில் சிஸ்னு என்றும் சொல்லிக் கீரையாகவே சமைக்கிறார்கள். நம் தர்மபுரி, கிருஷ்ணகிரிக் காட்டோரங்களில் படரும் செந்தட்டியோ ஆமணக்குக் குடும்பத்தைச் சேர்ந்த கொடி. தொட்டால் அரிக்கும் என்பதைத் தவிர இரண்டுக்கும் உறவில்லை. கேரளத்தில் கர்க்கடக மாதத்துப் பத்திலைக் கறியில் செந்தட்டி வகைக் கொடி சேர்வது உண்மைதான். ஆனால் அதுவும் வேகவைத்தே உண்ணப்படுகிறது. சுணையுள்ள எந்த இலையையும் பச்சையாக வாயில் வைக்கக் கூடாது.

நெட்டில் சத்தற்ற கீரை என்று நான் சொல்லவில்லை. வெந்நீரில் போட்டெடுத்த 100 கிராம் கீரையில் சுண்ணாம்புச் சத்து ஏறத்தாழ 480 மில்லிகிராம் இருக்கிறது. நம் கேழ்வரகில் இருக்கும் 364 மில்லிகிராமைவிட அது அதிகம். நார்ச்சத்தும் வைட்டமின் கே-யும் நிறைய உண்டு. ஆனால் எதற்காக விற்கிறார்களோ அந்த இரும்புச் சத்து 1.6 மில்லிகிராம் மட்டுமே. கொல்லையில் நிற்கும் முருங்கையின் பச்சை இலையில் அதே எடைக்கு 4.5 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது.

அப்படியானால் டப்பாவில் மட்டும் எப்படி அவ்வளவு பெரிய எண் வருகிறது என்று கேட்பீர்கள். அது 100 கிராம் பொடிக்கான எண். கீரையில் பெரும்பங்கு தண்ணீர்தான். உலர்த்தும்போது தண்ணீர் போய், சத்து சிறு எடையில் சுருங்கி நிற்பதால், எந்தக் கீரையை இடித்துப் பொடியாக்கினாலும் எண் பல மடங்கு ஏறித்தான் தெரியும். நீங்கள் குடிப்பதோ ஒரு தேக்கரண்டி, அதாவது மூன்று அல்லது நான்கு கிராம். 100 கிராம் பொடியில் 30 மில்லிகிராம் இரும்பு இருப்பதாகவே வைத்துக்கொண்டாலும், மூன்று கிராமில் ஒரு மில்லிகிராம்கூடத் தேறாது. அதிலும் கீரையின் இரும்பை உடல் முழுதாக எடுத்துக்கொள்வதில்லை. மேலே ஒரு டம்ளர் தேநீர் குடித்தால் அதுவும் குறைந்துவிடும். ஒரு கர்ப்பிணிக்கு நாளொன்றுக்கு 27 மில்லிகிராம் இரும்பு தேவை. அவர் நிறுத்திவிட்ட அந்தச் சிவப்பு மாத்திரை ஒன்றில் 60 மில்லிகிராம் இரும்பும், கூடவே ஃபோலிக் அமிலமும் இருந்தன. அறுபதை விட்டு ஒன்றைப் பிடித்துக்கொண்டு மூன்று மாதம் ஓட்டியிருக்கிறார். என் ஆற்றாமையெல்லாம் இதுதான்.

மாத்திரை போட்டால் மலம் கறுப்பது இயல்பு, அதற்குப் பயப்பட வேண்டாம். வயிறு கட்டினால் தண்ணீரும் கீரையும் கூட்டுங்கள். குமட்டல் இருந்தால் இரவு படுக்கப்போகும் முன் போட்டுப் பாருங்கள். அப்போதும் ஒத்துக்கொள்ளாவிட்டால் செவிலியரிடம் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். சுண்ணாம்புச் சத்து மாத்திரையையும் இதையும் ஒரே வேளையில் விழுங்காதீர்கள். களிக்கு முருங்கைக்கீரையோ தண்டுக்கீரையோ கடைந்து, எலுமிச்சை பிழிந்து சாப்பிட்டால் இரும்பு நன்றாகச் சேரும். கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்காமல் எந்த மூலிகைப் பொடியையும் தொடவே கூடாது.

இதய வால்வு மாற்றிக்கொண்டு, ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மருந்து போடுபவர்கள் வீட்டில் இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். வைட்டமின் கே மிகுந்த இந்தக் கீரை திடீரென்று உணவில் சேர்ந்தால் மருந்தின் வேலை குறைந்து ரத்தம் உறையக்கூடும். அன்பாகக் கேட்டுக்கொள்கிறேன்: பரிசோதனைக்கு வரும்போது வீட்டில் குடிக்கும் பொடி டப்பாவையும் கையோடு கொண்டுவாருங்கள். திட்டுவார்களோ என்று பயந்து அந்தப் பெண் அதைக் கைப்பைக்குள் மறைத்தே வைத்திருந்தார். கடைசியில், எழுந்து போகும்போதுதான் எடுத்துக் காட்டினார்.